முத்திரையிட்ட சார்ஜர்

ஜூன் 2, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரியில் தமயந்தியின் பெயரைச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஒன்றரை வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இனி மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால்தான் விடிவு என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ஒருங்கிணைப்பாளர் பிரிசில்லா என்ற அம்மாள் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னார். "எப்ப வேணாலும் கூப்பிடுவோம் சார். கூப்பிட்டா உடனே கிளம்பி வந்துரணும். போன் போகலைன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிரும். அப்புறம் எங்ககிட்ட வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்ல." சரி என்றேன்.

படிவத்தில் மூன்று போன் எண் கேட்டிருந்தார்கள். என்னுடையதை முதலில் எழுதினேன், அவளுடையதை இரண்டாவதாக. மூன்றாவதுக்குத் தன் தம்பி தெய்வேந்திரன் எண்ணைச் சொன்னாள் தமயந்தி. நான் எழுதவில்லை. தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவன், தெருத்தெருவாக நின்று நம் வீட்டுக் கதையைப் பேசுவான். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் என் கையிலும் ஒரு சீட்டு கொடுத்தார். வீட்டு ஆள் யாருடையதாவது பொருந்துமா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை. எனக்கு லேசாக பிரஷர் உண்டு என்றேன். "அதை நாங்க பாத்துக்கிறோம், நீங்க முதல்ல டெஸ்ட் எடுங்க" என்றார். இன்றே எடுக்கலாம்தான், ஆனால் திண்டுக்கல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சீட்டை இந்த டைரியின் பின்னட்டை உறையில் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் போன் சார்ஜ் போடும் இடத்தை மாற்றினேன். படுக்கையறையில் சிக்னல் வந்து வந்து போகும். ஹால் ஜன்னலோரம் நன்றாக இருக்கிறது, ஆனால் அங்கே பிளக் கிடையாது. வாசல் சுவிட்ச் போர்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ஜன்னல் மேசையில் வைத்துவிட்டேன். மணி அடித்தால் இருவருக்கும் கேட்கும்.

ஜூன் 4, புதன்

போன் மீது சந்தேகமாக இருக்கிறது.

நேற்று இரவு எட்டரை மணிக்குச் சார்ஜ் போட்டபோது 22 சதவீதம். காலையில் எழுந்து பார்த்தால் 41. ஒரு ராத்திரி முழுக்கக் குடித்து இவ்வளவுதானா? ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சார்ஜர் இரவல் வாங்க வேண்டியதாயிற்று. போன் பழசுதான், நான்கு வருடமாகிறது. ஆனாலும் போன வாரம்வரை படுக்கையறையில் இதே கேபிளில் முழுதாக ஏறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் தொண்ணூறு ரூபாய்க்கு வாங்கியது. ஆக, சரியாக இந்த வாரம் பார்த்துக் கெட ஆரம்பித்திருக்கிறது.

தமயந்திக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி தண்ணீர்தான் அனுமதி. ஆபீசிலிருந்து கொண்டுவந்த அளவுக் குடுவையில் காலையிலேயே ஊற்றி வைத்துவிடுகிறேன். மாலையில் பார்த்தால் குடுவையில் மிச்சம் சரியாக இருக்கிறது. ஆனால் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது, யார் கண்டது.

ஜூன் 6, வெள்ளி

நேற்றும் 40. இன்றும் 40. சாயங்காலம் தபாலாபீஸ் தெருவில் இதாயத்துல்லா மொபைல் கடைக்குப் போனேன்.

"நல்ல கேபிளா ஒண்ணு குடுங்க."

"தொண்ணூறுலயும் இருக்கு, கம்பெனி ஒயரு அறநூறுலயும் இருக்கு சார்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஐநூத்திப் பத்து ரூபா சார்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் முகத்தைச் சரிசெய்துகொண்டார். "கம்பெனி ஒயருல உள்ள செம்பு கூட இருக்கும். சீக்கிரம் ஏறும், கழுத்துக்கிட்ட ஒடியாது. தொண்ணூறு ரூபா ஒயரு மெதுவா ஏறும், ஆறு மாசம் வரும். ஆனா ராத்திரி பூரா போட்டா அதுலயும் நூறு வந்துரும் சார்."

"வரலையே."

"வரணுமே சார்."

விலை குறைந்த சரக்குக்கு ஒரு வியாபாரி இப்படிப் பரிந்து பேசினால் அதில் ஏதோ இருக்கிறது. மலிவுக் கேபிளின் உறையைத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவன் முகவரி இல்லை, மாதம் இல்லை, வருடம் இல்லை. "இது கேஸ் போடுற சரக்கு, தெரியுமா?" என்றேன். நான் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளர் என்று சொன்னதும் மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். இருபத்தாறு வருட சர்வீஸ். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவனையும் பார்த்திருக்கிறேன், படிக்கல்லைக் குடைந்து அரக்கு அடைத்தவனையும் பார்த்திருக்கிறேன். யாரையும் நம்பி நான் ஏமாந்ததில்லை.

கம்பெனி கேபிளை வாங்கினேன். பில்லும் கேட்டு வாங்கினேன்.

ஜூன் 7, சனி

ஆபீஸ் தராசில் இரண்டு கேபிளையும் நிறுத்தேன். தொண்ணூறு ரூபாய்க் கேபிள் 17 கிராம். கம்பெனிக் கேபிள் 34. செம்பு கூட என்று அந்த ஆள் சொன்னது எடையில் தெரிகிறது. ஆனால் எடையைக் கூட்டிக் காட்ட உள்ளே எதையாவது திணிப்பவர்களும் உண்டு.

காலையில் போன் 47. புதுக் கேபிளால் ஏழு சதவீதம்தான் லாபம். போலிச் சரக்கை அசல் பெட்டியில் போட்டு என் தலையில் கட்டிவிட்டாரோ?

தமயந்தி டயாலிசிஸ் முடித்து வந்து படுத்திருக்கிறாள். வரும்போது இவள் முகத்தில் உயிரே இருக்காது. நான் கேபிள் எடையைச் சொன்னேன். "ஓ" என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

முறையான சோதனை நடத்தினேன். போனை இரண்டு முறை பத்து சதவீதத்துக்கு இறக்கி, ஜன்னல் மேசையில் அதே பாக்ஸில், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடிகாரம் வைத்துக் குறித்தேன். கம்பெனிக் கேபிள் இரண்டு மணி ஐந்து நிமிடத்தில் நூறு. தொண்ணூறு ரூபாய்க் கேபிள் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் குறைவாக நூறு. இரண்டுமே முழுதாக ஏறிவிட்டது!

இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஏறுகிறது. நான் போய்ப் படுத்தால் ஏறுவதில்லை. ஆய்வாளர் கடையில் நிற்கும்போது எந்தத் தராசும் எடை குறைத்ததில்லை, இது நான் அறிந்ததுதான். ஆக, ராத்திரியில் ஏதோ நடக்கிறது.

தமயந்தி மூன்று ரவிக்கை தைத்து முடித்திருக்கிறாள். டயாலிசிஸ் ஊசி குத்தும் இடது கையை அசைக்காமல் வலது கையாலேயே துணியைத் தள்ளித் தள்ளித் தைக்கிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

ஜூன் 9, திங்கள்

காலையில் 46. பவர் பேங்க் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் தமயந்தி. ஒரு முழ ஒயரிலேயே இவ்வளவு தில்லுமுல்லு என்றால் பவர் பேங்க்கில் என்னவெல்லாம் இருக்கும்!

ஜூன் 11, புதன்

தெய்வேந்திரன் வந்திருந்தான். வாரம் தவறாமல் வருகிறான். ஒவ்வொரு முறையும் அக்காவுக்கு ஆப்பிளும் எனக்கு ஒரு கேள்வியும் கொண்டுவருகிறான்.

"மாமா, டெஸ்ட் எடுத்துட்டீங்களா?"

"எடுக்கணும். ஆபீஸ்ல ஆய்வு வேலை அடுக்கிக் கிடக்கு."

"எனக்குத்தான் சுகர் இருக்குன்னு போன மாசமே வேணாம்னுட்டாங்க. இல்லாட்டி இந்நேரம் குடுத்திருப்பேன் மாமா."

சுகர் என்று சொல்வது இப்போது எல்லாருக்கும் வசதியாகப் போய்விட்டது. ரிப்போர்ட்டைக் காட்டு என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான். பிறகு போனில் எடுத்துக் காட்டினான். 286 என்று இருந்தது. ஆஸ்பத்திரி முத்திரையும் இருந்தது. தேதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

அவன் போனபிறகு தமயந்தி, "அவன் ரிப்போர்ட்டப் போய்ப் பாக்கணுமா?" என்றாள். பார்ப்பதில் என்ன தவறு? என் ரத்தம் ஓ பாசிட்டிவ். எல்லாருக்கும் பொருந்தும் வகை என்பார்கள். அது ரத்தத்துக்கு மட்டும் சொல்வது என்று நினைக்கிறேன். இதையெல்லாம் யாரிடமும் கேட்டு வைக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

கையிலுள்ள வித்தையை விட்டுவிட்டு ஒன்பது நாளாகத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். முத்திரை வைத்தால் தீர்ந்தது.

ஆபீஸிலிருந்து ஒட்டுத்தாள் கொண்டுவந்தேன். சார்ஜர் பிளக்கையும் பாக்ஸையும் சேர்த்து ஒன்று. கேபிளும் சார்ஜரும் சேரும் இடத்தில் ஒன்று. கேபிளும் போனும் சேரும் இடத்தில் ஒன்று. பாக்ஸின் சொந்த சுவிட்சை 'ஆன்' நிலையில் வைத்து அதன்மேல் ஒன்று. நான்கிலும் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யார் தொட்டாலும் கிழியும்.

இனி வழக்கம்போல் ஒரு சுற்று போய்விட்டுப் படுக்க வேண்டியதுதான். கேஸைத் திருகி மூட வேண்டும், சொட்டும் குழாயை இறுக்க வேண்டும், பின்கதவுத் தாழ்ப்பாள் பார்க்க வேண்டும், கடைசியாக வாசல் போர்டில் உள்ளங்கையை வைத்துக் கீழிருந்து மேலாக ஒரு தேய்ப்பு. எட்டு சுவிட்சும் ஒரே இழுப்பில் அணையும். காலையில் அதே மாதிரி ஒரே இழுப்பில் போடுவேன். கல்யாணத்துக்கு முன்பே வந்த பழக்கம். எரியாத விளக்கின் சுவிட்ச்கூட 'ஆன்' நிலையில் நின்றால் எனக்குத் தூக்கம் வராது.

ஜூன் 13, வெள்ளி

நான்கு முத்திரையும் அப்படியே இருக்கின்றன. கிழியவில்லை, சுருங்கவில்லை. போனில் 46.

இருபத்தாறு வருடத்தில் என் முத்திரை இருந்தும் எடை குறைந்தது இதுவே முதல் தடவை.

ஜூன் 14, சனி

தமயந்தியிடம் கேட்டேவிட்டேன். ராத்திரி இவள்தான் அடிக்கடி எழுகிறாள். உடம்பெல்லாம் அரிப்பு, தூக்கம் கிடையாது, ஹாலில் வந்து உட்கார்ந்திருப்பாள்.

"ராத்திரி என் போன்ல எதாவது பாக்குறியா?"

"முத்திர குத்தி வச்சிருக்கீங்க. அத எப்படிங்க பாக்குறது?"

"முத்திரைக்கு முன்னாடி?"

"எனக்குப் போனு இருக்கு. உங்க போன்ல என்ன இருக்கு, தராசு படந்தான இருக்கு." சிரிக்க முயன்றாள். பிறகு, "அந்தப் போன் வரணும்னு உங்களவிட எனக்குத்தாங்க அவசரம்" என்றாள்.

நியாயம்தான். ஆனாலும் நியாயமாகப் பேசுகிறவர்களைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேலதிகாரி சொல்வார்.

ஜூன் 17, செவ்வாய்

போய்விட்டது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஆய்வு. காலையில் 44 சதவீதத்தோடு கிளம்பினேன். ஜீப்பில் சார்ஜ் போடும் வசதி கிடையாது. பதினொன்றரை வாக்கில் போன் அணைந்துவிட்டது. ஒரு மணி நேரம்தானே என்று இருந்துவிட்டேன். தக்காளி மண்டியில் இரண்டு தராசு தகராறு, நேரமாகிவிட்டது. மூன்றரைக்கு ஒரு டீக்கடையில் சார்ஜ் போட்டு ஆன் செய்ததும், போன் அணைந்திருந்தபோது வந்த அழைப்புகள் வரிசையாகக் குறுஞ்செய்தியில் விழுந்தன. எல்லாம் மதுரை எண். பன்னிரண்டே காலிலிருந்து பன்னிரண்டு ஐம்பதுவரை, ஐந்து தடவை.

கூப்பிட்டேன். பிரிசில்லா அம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்க நம்பர் சுவிட்ச் ஆப் சார். அம்மா நம்பர் அடிச்சிட்டே இருந்துச்சு, எடுக்கல. மூணாவது நம்பர் நீங்க குடுக்கல. முக்கால் மணி நேரம் பாத்தோம் சார்."

செவ்வாய்க்கிழமை தமயந்தி டயாலிசிஸ் படுக்கையில் இருப்பாள். போன் கைப்பையில், கைப்பை வெளியே அலமாரியில். அடுத்த ஆள் யார் என்று கேட்டேன். அதைச் சொல்ல மாட்டார்களாம்.

தெய்வேந்திரன் வண்டியில் அவளைக் கூட்டிவந்து விட்டான். சொன்னேன். வாசலிலேயே நின்றுவிட்டாள். "யாரோ ஒருத்தருக்குப் போயிருக்குல்ல" என்றாள். உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தெய்வேந்திரன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். இன்று பகல் முழுவதும் அவன் போன் அவன் சட்டைப் பையில்தான் இருந்திருக்கும்.

இதை நான் சும்மா விடப்போவதில்லை. நாளை அந்தக் கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

ஜூன் 18, புதன்

மதியம் லீவு சொல்லிவிட்டு இதாயத்துல்லா கடைக்குப் போனேன். கேபிளையும் போனையும் கண்ணாடி மேசையில் வீசினேன். நாலு பேர் நிற்கும்போதே கத்தினேன். போலிச் சரக்கு, என் மனைவியின் உயிர், கேஸ், கடைக்குச் சீல் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் தன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கேபிளைச் செருகி என் போனில் மாட்டினார். நடுவில் ஒரு சின்ன மீட்டர் வைத்தார்.

"பாருங்க சார். ஏறுது."

"பகல்ல ஏறும். ராத்திரி ஏறாது."

"ஒயருக்கு ராத்திரி பகல் தெரியாது சார்." பயந்த குரலில்தான் சொன்னார். "வீட்டம்மாவுக்கு இப்படின்னு எனக்குத் தெரியாது சார். அல்லா காப்பாத்தணும். நான் வேணா வீட்டுக்கு வந்து பிளக்கப் பாக்கட்டா?"

வேண்டாம் என்றேன். பிளக்கில் என் முத்திரை இருக்கிறது. அப்போது பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

"பத்து நிமிசம் சார், தொழுதுட்டு ஓடியாந்துர்றேன். நீங்க உள்ளயே உக்காருங்க, வெயிலு" என்று பாதி ஷட்டரை இறக்கினார். இறக்கிக்கொண்டே, பழக்கத்தில், ஷட்டர் ஓரத்திலிருந்த போர்டில் உள்ளங்கையை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

மின்விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. மேசையில் மீட்டர் அணைந்தது. என் போனில் ஏறிக்கொண்டிருந்த பச்சைக் குறி போய்விட்டது. கேபிள் மாட்டியபடிதான் இருந்தது. பாக்ஸின் சுவிட்ச் 'ஆன்' நிலையில்தான் இருந்தது.

"அடடா, நீங்க இருக்கீங்கள்ல, பேன் போட்டுர்றேன்" என்று திரும்பியவர் என்னைப் பார்த்து, "என்ன சார்?" என்றார்.

ஒன்றுமில்லை என்றேன்.

வெயில் அதிகம். சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கினேன். இரவு சுற்று போகவில்லை.

ஜூன் 19, வியாழன்

கம்பெனிக் கேபிளை நாலு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். "ஒயர்லதான் கோளாறு, கடைக்காரரே ஒத்துக்கிட்டாரு" என்று தமயந்தியிடம் சொன்னேன். அவர் அப்படி எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை.

இரவு பழைய தொண்ணூறு ரூபாய்க் கேபிளில் போட்டிருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

100.

ஜூன் 21, சனி

100.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் தமயந்தி தையல் மிஷினில் உட்கார்ந்து ஒரு ரவிக்கையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படித்தேன். மிஷின்மேல் கேபிள் துண்டுகள் நான்கு இருந்தன. குப்பையிலிருந்து எடுத்திருக்கிறாள்.

"தொண்ணூறு ரூபா ஒயர்ல நூறு ஏறுது போல" என்றாள்.

"ம்."

"நாலு ராத்திரியா வாசல் போர்டு பக்கம் போகவே மாட்டேங்குறீங்க. கல்யாணமான இருவத்திரண்டு வருசத்துல அதத் தடவாம நீங்க படுத்ததே இல்ல."

பேப்பரை இறக்கவில்லை. எழுத்து ஒன்றும் கண்ணில் பதியவில்லை.

"புதன்கிழமையே தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்சிருச்சு."

"அப்புறம் எதுக்குங்க அந்தக் கடக்காரரு மேல பழியப் போட்டீங்க?"

தப்பு செய்தவன் முதலில் தராசைத்தான் குறை சொல்வான், நூறு கடையில் பார்த்திருக்கிறேன். "உனக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பியோன்னு…" என்றேன்.

"என்ன நெனைக்கப் போறேன்? அது பழக்கம். கை தானாப் போகும். அன்னைக்குப் பூரா அழுதேன், நிசந்தான். ஆனா உங்க மேல கோவம் இல்ல." நூலை ஊதித் தள்ளினாள். "டைரிக்குப் பின்னாடி ஒரு சீட்டு இருக்கே, அதுவும் பழக்கமா?"

பேப்பரை மடித்து வைத்தேன்.

"எனக்குக் குடிக்கிற தண்ணிய அளக்குறீங்க. ஒயர நிறுக்குறீங்க. தெய்வாகிட்ட ரிப்போர்ட்டக் கேட்டு வாங்கிப் பாத்தீங்க. எம்மேலயும் சந்தேகப்பட்டீங்க, சரி. அந்தச் சீட்ட மட்டும் இருவது நாளா தொடக்கூட இல்ல. தெனமும் எழுதுறீங்க, தெனமும் அது அங்கதான இருக்கு."

"பிரஷர் இருக்கே தமயந்தி."

"அத டாக்டர் சொல்லட்டுங்க."

அவள் குரல் ஏறவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். என் வாயால்தான் வந்தது என்று நம்ப முடியவில்லை, "எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"எனக்கு வாரத்துல மூணு நாள் இருக்கு" என்றாள்.

பிரித்த ரவிக்கையை மறுபடி தைக்க ஆரம்பித்தாள். மிஷின் சத்தம் நிற்கும்போது ஒரு தடவை சொன்னாள்: "குடுங்கன்னு கேக்க மாட்டேன். அது கேட்டு வாங்குற சாமான் இல்ல. டெஸ்ட் எடுத்து, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. எடுக்காமயே ஒளிஞ்சுக்காதீங்க."

எழுதியே ஆக வேண்டும், எழுதுகிறேன். மச்சினன் சுகரைச் சாக்காகச் சொல்கிறான் என்று ஜூன் 11 அன்று எழுதியிருக்கிறேன். அந்தச் சாக்கு என்னுடையது. பிரஷர் என்று டாக்டரிடம் சொன்னபோதே, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்றுதான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேபிள் கேபிள் என்று நான் பதினைந்து நாள் அலைந்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. யாரோ ஒருவர் போன் செய்து யாருடையதையோ தந்துவிட்டால் என்னுடையதை யாரும் கேட்க மாட்டார்கள்.

வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

தெய்வேந்திரன் வண்டியில் மதுரை போனேன். காலி கேன்கள் பின்னால் உருண்டுகொண்டே வந்தன. கொடைரோடு தாண்டியதும், "படிவத்துல உன் நம்பர நான்தான்ப்பா எழுதல" என்றேன். "அக்கா சொல்லுச்சு மாமா" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான், சர்க்கரை இல்லாமல் தனக்கு, சர்க்கரையோடு எனக்கு.

ரத்தம் எடுக்கும் பெண் சீட்டைப் பார்த்து, "ரெண்டாம் தேதி போட்டிருக்கே சார், இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்றாள். ஒயர் வாங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியுமா. கையை நீட்டினேன். ஏழு குப்பி எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் என் பெயர் எழுதி ஒட்டி, என்னையே சரிபார்க்கச் சொன்னார்கள்.

பிரிசில்லா அம்மாளிடம் போய் மூன்றாவது எண்ணை எழுதினேன். பரிசோதனை முடிவை எந்த எண்ணுக்குச் சொல்வது என்று கேட்டார். என் மனைவி எண்ணுக்கு மட்டும் சொல்லுங்கள் என்றேன். "உங்களுக்கு வேணாமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன். அந்தப் போனை நான் எடுத்தால், 'பொருந்தவில்லையாம்' என்று வீட்டில் சொல்லிவிட என்னால் முடியும். யாரும் ரிப்போர்ட்டைப் பெரிதாக்கிப் பார்க்க மாட்டார்கள். நான் சோதித்தவர்களிலேயே நம்ப முடியாத ஆள் நான்தான்.

திரும்பும் வழியில் இதாயத்துல்லா கடையில் இறங்கினேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "ஒயர்ல தப்பில்ல. சுவிட்ச அணைச்சது நான்" என்றேன், அன்றைக்குப் போலவே நாலு பேர் நிற்கும்போது. மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டார். இன்னொரு கம்பெனிக் கேபிள் வாங்கினேன். உறையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 25, புதன்

தகவல் இல்லை. தமயந்தி போனை என் மேசையில் சார்ஜ் போடுகிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

ஜூன் 26, வியாழன்

தகவல் இல்லை. பொருந்தக் கூடாது என்று ஒரு நேரம் நினைக்கிறேன். அடுத்த நேரம், பொருந்தாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறேன். இரண்டும் நிஜம்தான்.

ஜூன் 28, சனி

டயாலிசிஸ் முடித்து வந்து படுத்திருந்தாள். நான் சாயங்காலக் காபிக்குப் பால் வைத்திருந்தேன். அவள் குடுவையில் நூற்றிருபது மில்லி மிச்சம் இருந்தது. ஐந்து மணி இருக்கும், ஹாலில் அவள் போன் அடித்தது.

நான் அசையவில்லை. அவள்தான் சுவரைப் பிடித்து நடந்து வந்து, கேபிளைக் கழற்றாமலேயே எடுத்துக் காதில் வைத்தாள். "ஆமாங்க… சொல்லுங்க மேடம்… ம்… ம்…" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

போனை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பொருந்துதாம்" என்றாள். "இன்னும் ஸ்கேன், பிரஷர் டெஸ்ட்டு, கமிட்டியெல்லாம் இருக்காம். அதுக்கு முன்னாடி நீங்க வேணாம்னாலும் சொல்லலாமாம். காரணம் கேக்க மாட்டாங்களாம்."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். இந்த ஒன்றரை வருடத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஆனால் அவள் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது, விரல் வெளுத்திருந்தது.

"எப்ப வரச் சொன்னாங்க?" என்றேன்.

"திங்கக்கிழம."

"சரி. தெய்வாகிட்ட வண்டிக்குச் சொல்லிரு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் வந்தது. வழிந்த பாலைத் துடைத்துவிட்டு, மிச்சத்தில் அவளுக்கு அரை டம்ளர் காபி போட்டுக் கொடுத்தேன். அளக்கவில்லை.

"பயமா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"எனக்கும்" என்றாள்.

இரவு ஒன்பதரைக்கு ஒரு சுற்று போனேன். கேஸைத் திருகினேன், குழாயை இறுக்கினேன், தாழ்ப்பாள் பார்த்தேன். வாசல் போர்டில் எட்டு சுவிட்ச். உள்ளங்கையை வைக்காமல் ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அணைத்தேன். எட்டாவதைத் தொடவில்லை.